அக்காவின் கப்பலும் என் பெர்ஹாப்ஸும்

இங்கிலீஷில் ஆயிரக்கணக்கான சொற்களை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுத்துப் பிசகாமல், அர்த்தம் தெரிந்து, இடம் பார்த்து எழுதினேன். என் அக்காவை விட்டுவிட்டு ஒரு கப்பல் பினாங்குக்குப் போய்விட்டது.

ஜப்பான் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தி. எனக்குப் பதினாறு வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அத்தாவுக்கு மிளகாய் மண்டி. எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது தும்மிக்கொண்டிருப்பார்கள். (யாருக்காவது நிஜமாகவே சளி பிடித்தால் கண்டுபிடிக்க முடியாது.) சாயங்காலம் அக்கா மைமூன் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். எதிரே உட்கார்ந்து நான் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஆனால் கேட்டுக் கேட்டே என்னைவிட நன்றாக அவளுக்குப் பாடம் மனப்பாடமாகியிருந்தது.

அந்த மாதம் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் நிச்சயத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தார். கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்து மேல்படியில் ‘சர்ட்டன்லி’, அதற்குக் கீழே ‘ப்ராபப்ளி’, அதற்கும் கீழே ‘பெர்ஹாப்ஸ்’ என்று எழுதினார். ‘வில்’, ‘மே’, ‘மைட்’ மூன்றும் பக்கத்திலேயே இறங்கி வந்தன. உதாரணத்துக்கு என்னையே எழுப்பி நிறுத்தினார். நாளைக்குச் சூரியன் உதிப்பது சர்ட்டன்லி, நாளைக்கு இவன் என்னிடம் அடி வாங்குவது ப்ராபப்ளி, இவன் பாஸாவது பெர்ஹாப்ஸ். இதை வீட்டில் ஒப்பித்தபோது அக்கா சிரித்த சிரிப்பில் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டாள். அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்.

அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். மச்சான் மூன்று மாதம் அவளோடு இருந்துவிட்டு, பினாங்கில் துணிக்கடை வேலைக்குத் திரும்பிப் போனவர். ஒரு வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அக்கா அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு நாள் எண்ணினாள். கடைசியில் வீடு கிடைத்தது. பினாங்குக்குக் கப்பலேறும் தெரிந்த குடும்பம் ஒன்றும் துணைக்குக் கிடைத்தது. நாகப்பட்டினத்துக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது: உங்கள் பெண் வருவது நிச்சயமா? நிச்சயமென்றால் இடம் வைக்கிறோம், இல்லாவிட்டால் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

அத்தா என்னைக் கூப்பிட்டார். “எழுது சாமி. இன்ஷா அல்லாஹ், எம் பொண்ணு கட்டாயம் வருவாள்னு எழுது.”

அல்லாஹ் நாடினால் என்கிற அந்தச் சொல்லைப் போடாமல் எங்கள் வீட்டில் நாளைக்குத் தலைக்குக் குளிப்பதைக்கூடச் சொல்லமாட்டோம். அதைச் சந்தேகத்தில் சொல்வதில்லை என்பது நண்டு சிண்டுகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பேனாவை எடுத்தேன். உள்ளே அக்கா பாடிக்கொண்டே டிரங்குப் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவள் போய்விட்டால் நாளை முதல் யார் எதிரே உட்கார்ந்து படிப்பேன்? சர்ட்டன்லி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஏணியில் இறங்கினேன். ‘பெர்ஹாப்ஸ் ஷி மைட் கம்’ என்று எழுதினேன். போதாதோ என்று பயந்து ஒரு ‘பாஸிப்ளி’யையும் தூவினேன். அத்தா என் எழுத்தழகை மெச்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இடமில்லை என்று ஒரு கடிதம் வரும், அக்கா நின்றுவிடுவாள் என்பதுதான் என் கணக்கு. கடிதம் வரவில்லை. கப்பல் நாள் வந்துவிட்டது.

ஈரோடு, திருச்சி என்று ரயில் மாறிப் போனோம். அத்தா, அம்மா, அக்கா, நான், இரண்டு டிரங்குப் பெட்டி, ஊறுகாய் டின், ஒரு மூட்டை மிளகாய். (பினாங்கில் மிளகாய் இல்லையா என்று அத்தாவிடம் யாரும் கேட்கக்கூடாது.) உண்மையைச் சொல்லிவிடலாமென்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அம்மா அதில் முறுக்கைத் திணித்தாள்.

ஆபீஸில் குமாஸ்தா ஏட்டைப் புரட்டினார். அக்கா பெயர் இல்லை. அத்தா குரலை உயர்த்தவும், அவர் என் கடிதத்தைத் தேடி எடுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி தமிழில் சொன்னார். “ஒருவேளை, முடிஞ்சா, வந்தாலும் வரலாமாம். இப்படி எழுதினா நாங்க எப்படி இடம் வைக்கிறது?”

வரிசை மொத்தமும் சிரித்தது. துணைக்கு வந்த குடும்பம் எங்கள் முகத்தைப் பார்க்காமல், கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுக்குப் போனது. அத்தா என் பக்கம் திரும்பினார்.

“இன்ஷா அல்லாஹ்வைத்தான் இங்கிலீஷ்ல எழுதினேனுங்கத்தா” என்றேன்.

அத்தா நம்பிவிட்டார். இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அக்கா நம்பவில்லை. ஏணி அவளுக்கும் மனப்பாடமாயிற்றே. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை அழுதாள்.

அடுத்த துணை கிடைக்கப் பத்து மாதம் ஆனது. அக்கா மறுபடி என் எதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். காது மட்டும் வாசலில் தபால்காரர் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. ஆசைப்பட்டது கிடைத்தும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெருமுனையிலேயே தபால்காரரை மறித்து, மச்சான் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடிவருவேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது தடவை ஆபீஸுக்குப் பதில் எழுதியது பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தா. அக்கா போனாள்.

பிறகு சண்டை வந்தது. பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போனது, கடிதம் நின்றது. அவள் வருவாளா என்று அம்மா தினமும் கேட்பாள். சர்ட்டன்லி என்பேன். கேட்டுக் கேட்டே அம்மா ஒருநாள் கண்ணை மூடிவிட்டாள்.

சண்டை ஓய்ந்து சில மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. அக்கா கையெழுத்து. எல்லாரும் நலம், பெர்ஹாப்ஸ் ரஜப் மாதம் வருவேன். அத்தாவுக்குக் கண் மங்கியிருந்ததால் நான்தான் படித்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். பதிலும் எழுதினேன், அம்மாவைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

ரஜப் பிறந்ததும் தினமும் சேலம் ஜங்ஷனுக்குப் போய் நின்றேன். பதினெட்டாம் நாள் அவள் இறங்கினாள், கூட இரண்டு பிள்ளைகள். சின்னவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவங்கதான் பெர்ஹாப்ஸ் மாமாவா?” என்றான். கடல் தாண்டியும் என் மானம் எனக்கு முன்னால் போயிருந்தது.

அக்கா என் பின்னால் தேடினாள். “அம்மா வரலியாடா?”

ஏணியில் இருந்த எந்தப் படியும் உதவவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜட்காவில் பாதி வழி வந்தபிறகு என் கையைப் பிடித்தாள். “அந்தப் பத்து மாசம் அம்மா கூட இருந்தேனில்ல? அது நீ குடுத்ததுடா.”

இன்று அந்தச் சின்னவனுடைய பேரன் பேத்திகள்கூட என்னைப் பெர்ஹாப்ஸ் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டதும் எழுந்து போகிறேன்.