பல் டாக்டரும் வெண்கல மைக்கூடும்

மைக்கூட்டின் கண்ணாடி மூடி பல் டாக்டரின் கையில் இரண்டு துண்டாக வந்தது. சத்தமே இல்லை. எந்தக் கடைவாய்ப் பல்லும் இவ்வளவு சமர்த்தாக அவர் கைக்கு வந்ததில்லை.

"திறந்து உள்வேலைப்பாட்டைப் பாருங்க, இதோ வந்துடறேன்" என்று அந்த வெண்கல மைக்கூட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, பெண்ணின் அப்பா இப்போதுதான் உள்ளே போயிருந்தார். பெரியவர், பழைய காலத்துச் சீமான்களின் மேஜைச் சாமான்களைத் தேடிப்பிடித்து விற்பவர். டாக்டரோ பெண் கேட்க வந்தவர்.

தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் தங்கை, "என்ன, இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஃபேன் போட்டா..."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

நல்லவேளை, கிளினிக்கிலிருந்து நேரே வந்ததால் பை கையோடு இருந்தது. அதில் பல் ஒட்டும் பசையும், பசையை இறுகவைக்கும் நீல விளக்கும் இருந்தன. பதற்றத்தில் பசையைத் தாராளமாகப் பூசி, மூடியை அதன் இடத்தில் பொருத்தி, விளக்கைக் காட்டினார். பழக்க தோஷத்தில் "வாய் கொப்பளிங்க" என்றும் சொல்லிவிட்டார்.

துண்டுகள் ஒட்டிக்கொண்டன. கூடவே மூடியும் மைக்கூட்டோடு ஒட்டிக்கொண்டது. இனி திறக்க முடியாது. ஓரத்தில் மிச்சப் பசை வழிந்தது. கைக்குட்டையைக் காணோம், கழுத்து டையின் நுனியால் துடைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கை இன்னொரு தரம் காட்டினார். டையை எடுக்க மறந்திருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டு எழுந்தார். மைக்கூடும் எழுந்தது.

வெண்கலத்தின் கனம் லேசுப்பட்டதா? பெரியவர் உள்ளே வந்தபோது டாக்டர் வில்லாக வளைந்து நின்றார்.

"என்ன தம்பி இது?"

வாய்க்கு வந்த எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் அந்தப் பெண்மேல் அவருக்கு உயிர். அவளோடு வாழப்போகும் வாழ்க்கையைப் புளுகில் தொடங்க மனம் வரவில்லை.

"நான்தான் சார் உடைச்சேன். மறைக்கப் பார்த்தேன், மாட்டிக்கிட்டேன். எவ்வளவு வேணாலும் திட்டுங்க. பொண்ணு மட்டும் தர மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

பெரியவர் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நறுக்கென்று டை அறுந்தது.

"கல்யாணத்துக்கு வேற டை வாங்கிக்கங்க" என்றார் பெரியவர்.

கதவோரம் நின்ற தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"போங்க அத்தான்! வர்றவரு உண்மையைச் சொல்றாரான்னு பார்க்க அப்பா உடைச்சு வெச்சிருந்த மூடியை இப்படி ஒரேயடியா ஒட்டிட்டீங்களே, நாளைக்கு என்னைக் கேட்டு வர்றவரு எதை உடைப்பாரு?"