சூடு சரியாக இருக்கிறது என்று தெரிவிப்பது

என் கணப்புக்கு,

வணக்கம். நான் சுகம் என்று முதல் வரியில் எழுத முடிகிற நாள் வரட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அந்த நாள் வந்துவிட்டது, எழுதுகிறேன். உங்கள் சுகத்தை விசாரிக்கிற வரியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் திட்ட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியது என் அப்பா, அவர் உங்கள் பக்கத்தில்தான் எங்கேயாவது இருப்பார், அவரைக் கேளுங்கள்.

நாளெல்லாம் ஐஸ் கம்பெனியில் கட்டி சுமந்துவிட்டு வந்தும் உடம்பு கணகணவென்று இருந்த ஆள் நீங்கள் ஒருவர்தான், அதனால்தானே கணப்பு என்று கூப்பிட்டேன். உங்கள் முழங்காலுக்குக் கீழே என் பாதத்தை ஒட்டி வைத்தால், பாம்பு வந்து படுத்த மாதிரி இருக்கிறது, காலை எடு என்பீர்கள். எடுத்தால் மட்டும் கோபம் வரும்.

நீங்கள் போனதும் நம் மகள் வாலு விடுதியிலிருந்து ஓடி வந்தாள், வந்தவள் திரும்பிப் போகவில்லை. நர்ஸ் படிப்பில் முதல் வருஷம், திங்கட்கிழமை பரீட்சைக்கு உட்காராவிட்டால் வருஷமே போச்சு. நானோ சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்து காய்ச்சலை வரவழைத்துக்கொண்டேன். உன் சூடு சரியாகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டாள். அந்தப் பிடிவாதம் யார் வீட்டுச் சொத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் படிப்பு கெட்டால் நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள். எப்படியாவது திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடுவது என்று முடிவு செய்தேன், எல்லாக் கூத்தும் அந்த முடிவில்தான் ஆரம்பித்தது.

அவள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், நான் படுத்தபடி கேட்பேன். உடம்பு முழுக்க நாலே வகைத் திசுதானாம். மேலே மூடுவது ஒன்று, எல்லாவற்றையும் இழுத்துக் கட்டித் தாங்குவது ஒன்று, சுருங்கி விரிகிற தசை ஒன்று, சேதி கொண்டுபோகிற நரம்பு ஒன்று. சோபா கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேனே, ரெக்சின், பஞ்சு, நூல், ஸ்பிரிங் என்று நான் அடுக்கினேன். நரம்பு எங்கே என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் சோபாவுக்கு அதை வைப்பதில்லை. வைத்திருந்தால் எங்கள் முதலாளி உட்காரும்போது தெருவே கேட்கும்படி அலறியிருக்கும். அடுத்த பாடத்தின் பெயர் என் வாயில் நுழையாது, விஷயம் இதுதான்: வெளியே வெயிலோ குளிரோ, உடம்பு தன் உள்சூட்டை ஒரே அளவில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்குமாம். ஏறினால் வேர்வை விட்டு ஆற்றும். இறங்கினால் தசையை நடுங்க விட்டுச் சூடு பண்ணும். மூளைக்கு அடியில் பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு மேஸ்திரி உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏவுகிறாராம். நடுக்கம் என்ற வரி வந்ததும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் போன அன்றைக்கு உங்கள் கூட்டாளிகள் கம்பெனி ஐஸைக் கொண்டுவந்து உங்களைச் சுற்றி அடுக்கினார்கள். எழுந்து உட்கார்ந்திருந்தால், மேனேஜர்கிட்ட சொல்லிட்டு எடுத்தீங்களாடா என்று கேட்டிருப்பீர்கள். டாக்டர் சொல்லி நான் நம்பவில்லை. அத்தனை ஐஸுக்கு நடுவில் நீங்கள் நடுங்காமல் படுத்திருந்ததைப் பார்த்துத்தான் நம்பினேன்.

சரி, கூத்துக்கு வருகிறேன். சாயங்காலமானால் வாலு கண்ணாடித் தெர்மாமீட்டரை என் நாக்குக்கு அடியில் வைப்பாள். நான்தான் எப்போதும் ஜில்லென்று இருப்பவளாயிற்றே, அளவு குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவள் கை கழுவப் போன நேரத்தில் கொதிக்கிற டீயை வாய் நிறைய வைத்திருந்து விழுங்கினேன். நூற்றி மூன்று காட்டியது. விடுதிக்குக் கொண்டுபோக மடித்து வைத்திருந்த துணியை எல்லாம் பிரித்துவிட்டு, என் நெற்றியில் ஈரத்துணி போட்டு, இரண்டு போர்வையைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் புத்தியோடு நடந்துகொள்வோம் என்று ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். பாதரசக் கோடு கிளம்பவே இல்லை. உதறி, மறுபடி வைத்து, மறுபடி பார்த்தாள்.

"இந்தக் கணக்குப்படி நீ உயிரோடவே இல்லம்மா."

அந்த நேரம் பார்த்து மிச்ச ஐஸ் என் வாயிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. முதலில் அவள்தான் சிரித்தாள். நீங்கள் போனபிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது, என் சிரிப்பு எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரியுடையது போலக் கேட்டது. சிரித்து ஓய்ந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். "ஒண்ணுமே பண்ணாம சும்மா இரும்மா. டீ வேணாம், ஐஸ் வேணாம். அது வேலையை அதுவே பார்த்துக்கும்."

சும்மா இருந்தேன். வெயில் தரையில் ஊர்ந்து என் பாதத்தில் ஏறியது, கண் சொருகியது. தூக்கம் என்றும் சொல்ல முடியாது. எனக்குள்ளேயே நான் நடந்து போனேன். எங்கள் கடை மாதிரியே நீளமான கூடம், கையை விளக்கின் மேல் மூடினால் தெரியுமே, அந்தச் சிவப்பில் வெளிச்சம். யார் யாரோ பேசாமல் வேலை செய்கிறார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறக்கிறாள், ஒருத்தி மூடுகிறாள், ஒருத்தி குனிந்து தைக்கிறாள். இங்கே ஒருத்தர் போய்விட்டார், உங்களுக்குச் சேதி வரவில்லையா, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன். தைக்கிறவள் நிமிராமலே சொன்னாள்: "வந்துச்சும்மா. எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

கண் திறந்தபோது வாலு என் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக இருக்கிறது என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவு என்றாள். உங்களிடம் எதற்கு மறைக்க, எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இருந்தபோது எவ்வளவோ, இல்லாதபோதும் அவ்வளவேயா? ஒரு புள்ளி கூட மாறவில்லையா, இது என்ன உடம்பு, இது என்ன விசுவாசம் என்று அழுது தீர்த்தேன். தீர்த்ததும் பசித்தது. உடம்புக்கு வெட்கமே கிடையாது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன், என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த வாலு எழுந்து போய் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

ஆகவே இங்கே எல்லாம் அதனதன் அளவில் இருக்கிறது, என்னைப் பற்றிய கவலையை விடுங்கள். அங்கே வெயிலில் நிற்காமல் நிழலாகப் பார்த்து உட்காருங்கள். மகளுக்குப் பரீட்சையில் துணை இருங்கள், ஆனால் பதிலை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பூரண சுகத்துடன்,
உங்கள் ஜில்லு

பி.கு.: இதை மடிக்கும்போது வாலு போன் பண்ணினாள். பரீட்சை நன்றாக எழுதினாளாம், உடம்புச் சூட்டைப் பற்றியே பெரிய கேள்வி வந்ததாம். "அம்மா, அன்னைக்கு எனக்குக் கோடே தெரியலம்மா. கண்ணு பூரா தண்ணி. சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றாள். தெர்மாமீட்டரையும் கையோடு கொண்டுபோய்விட்டாள். நான் சுகம் என்று மேலே எழுதியதெல்லாம் அவள் வாய்வார்த்தையை நம்பித்தான். இதில் எதை அடிப்பது, எதை வைப்பது? நீங்களே சொல்லுங்கள், நான் சரியாகத்தான் இருக்கிறேனா?