கூலண்ட் அக்காவும் அப்பா கட்டிய மாலையும்

சிங்கப்பூரில் காரின் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள்கிற ஒரே மனுஷி எங்கள் கூலண்ட் அக்காதான். இதை எந்தக் கோவில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சத்தியம் செய்வேன். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வைப்பார். தலைமுடியைக் கொண்டையாக்கி, அதன்மேல் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டுவார். ஏதோ அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நடக்கப்போவது இவ்வளவுதான்: எஞ்சின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் என்கிற இளஞ்சிவப்புத் திரவம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நானாக இருந்தால் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அக்கா முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பார்ப்பார். சாவியை எடுத்துப் பையில் போடுவார். பானெட்டைத் தாங்கும் கம்பி குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் குனிந்து, டார்ச் அடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, மூலவரைத் தரிசிக்கிற பக்தியோடு அந்த டப்பாவைத் தரிசிப்பார்.

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. சீனப் பாட்டிகள்கூட 'கூலண்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி ஒன்று வைத்திருந்தார். அதில் நோயாளிகளை மருத்துவமனைக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கும் ஏற்றிப் போவதுதான் தொழில்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்ட பிறகு அக்கா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். பக்கத்து நிலையங்களில் இடம் கிடைக்கவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒன்றில்தான் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் போயாக வேண்டும்.

முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற ஜாதி. தஞ்சோங் பகாரில் ஆபீஸ், காலையில் மீட்டிங், அப்பாவை வண்டியில் அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும். இவரோ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தவம் இருக்கிறார்.

"அக்கா, நேத்துதானே செக் பண்ணீங்க?"

"நேத்து பார்த்தது நேத்துக்கு."

"வண்டி நல்லாதானே ஓடுது?"

"ஓடுறப்ப எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும் லா."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் அவர் பானெட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையால் தட்டினார். உள்ளே பூனை ஏதாவது படுத்திருந்தால் எழுந்து போகட்டும் என்பதற்காகவாம். எங்கள் கார்ப்பார்க் பூனைகளுக்கு எஞ்சின் கதகதப்பு என்றால் உயிர். கூலண்ட் ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கழுவித் துடைப்பார். அது இனிப்பாக இருக்கும், பூனை நக்கினால் செத்துப்போகும் என்பார்.

தன் வண்டியோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. கார்ப்பார்க்கில் யார் பானெட்டைத் தூக்கினாலும் அக்காவுக்கு மூக்கு வியர்த்துவிடும். மேல்மாடிக்காரர் ஒருவர், வங்கி அதிகாரி, ஒருநாள் கழுத்தில் டையோடு எஞ்சினுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப் போய் அந்த டையைப் பிடித்து இழுத்து, அவர் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்று பதறினார் அதிகாரி.

"எஞ்சின் பெல்ட் இழுத்தா தலையோட போயிடும் சார். முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

அவர் அணைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அக்கா விடவில்லை. "ஆஃப் பண்ணாலும் அந்த ஃபேன் தானா சுத்தும். சூடா இருக்குல்ல, அதுக்கு உங்க பர்மிஷன் வேணாம்." சொல்லி வைத்த மாதிரி ஃபேன் சுற்றத் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த அதிகாரி அக்காவைக் கண்டால் தன்னையறியாமல் டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அக்கா ஏன் இப்படி என்பதற்குப் புளோக்கில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்து அவர் தம்பிக்குக் கண் போய்விட்டது என்றார்கள். புருஷன் முகம் வெந்துவிட்டது என்றார்கள். புருஷனை நான் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன், முகம் பளபளவென்று இருந்தது. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமே நடக்கலையே. மேனுவல்ல போட்டிருக்கு, செய்றேன்" என்றார் அக்கா. எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

அப்பாவுக்கும் அவருக்கும் நடந்தது வேறு யுத்தம். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் தண்ணீரே மருந்து என்பது அவர் கட்சி.

"நாங்க அப்பல்லாம் லாரிக்குப் பைப் தண்ணிதான் ஊத்துவோம். ஓடலையா?"

"ஓடுச்சுப்பா. உள்ள துருப்பிடிச்சு ஓடுச்சு."

"சரி, எனக்காவது ஒரு வாய் தண்ணி குடு."

"காலையில குடிச்சாச்சுல்ல? உங்க டப்பா மேல் கோட்டுக்கு வந்திருச்சு."

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெளியேற வழியில்லாமல் அது உடம்பிலேயே தங்கி, நுரையீரலில் சேர்ந்து மூச்சை அடைக்கும். நாங்கள் சொன்னால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா சொன்னால் திட்டிக்கொண்டே கேட்பார். வீட்டில் யாரோடும் பேசாத மனுஷன் அந்த வண்டிக்குள் மட்டும் ஓயாமல் பேசினார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்காவின் வண்டிக்குத் தானே மாலை போட வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். தேக்கா மார்க்கெட்டில் கனமான சாமந்தி மாலை வாங்கிவந்தேன். அப்பா வீல்சேரிலிருந்து எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முழங்காலை மடக்கி வண்டியின் முன்னால் உட்கார்ந்தார். மாலை மட்டும் போட்டால் எடுப்பாக இருக்காது என்று, பெரிய வாழை இலை ஒன்றை முன்பக்கக் கம்பி வலையின்மேல் விரித்துக் கட்டினார். அதன்மேல் மாலையை இரண்டு சுற்றாகச் சுற்றினார். சந்தனம் குங்குமம் வைத்தார். எழுந்திருக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அக்கா அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை என்பதால் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு முகம் ஊதியிருந்தது. பாயசமும் சுண்டலும் நாங்கள் பார்க்காத நேரத்தில் உள்ளே போயிருக்கின்றன, தண்ணீரும்தான். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். நிலையத்துக்கு போன் செய்தேன். "உடனே கூட்டிட்டு வாங்க, லேட் பண்ணாதீங்க" என்றார் நர்ஸ். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன்.

அக்கா வழக்கம்போல் எல்லாம் பார்த்தார். கூலண்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் இருந்தது. மாலையும் இலையும் முந்தின நாள் போலவே முன்னால் இருந்தன.

சிராங்கூன் ரோடு தீபாவளிக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. வண்டி நகர்ந்தது என்று சொல்ல முடியாது, நெளிந்தது. திடீரென்று அக்கா ஏர்கானை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். உள்ளே அனல் அடித்தது.

"அக்கா! அப்பாவுக்கு மூச்சு விட முடியலை!"

"தெரியும். ஜன்னலை இறக்குங்க. சூடு ஏறுது, எஞ்சின் சூட்டை இந்தப் பக்கமா வெளிய எடுக்கணும்."

டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அக்கா பக்கத்துச் சந்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். பானெட்டின் இடுக்குகளில் புகை மாதிரி ஆவி வந்தது. ஆவி அடங்கும்வரை அவர் பானெட்டைத் தொடவில்லை. பிறகு தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினார். தாலிச் சங்கிலிக்கு ஊக்குக் குத்த அப்போதும் மறக்கவில்லை.

நம் ஊர்க்காரர்களின் நல்ல மனசைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நொடியில் ஒரு கூட்டம் கூடியது, எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். கட்டுமான வேலை செய்கிற பையன்கள் இருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"நவுருங்கக்கா, ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தினா கிளம்பிடும்" என்று ஒருவன் மூடியின்மேல் கையை வைத்தான்.

அக்கா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, இப்ப இதைத் திருகினா உள்ள கொதிக்கிறது அப்படியே உன் மூஞ்சியில அடிக்கும். உன் முகம் உங்கம்மாவுக்கு வேணும். கையை எடு."

பையன் கையை எடுத்தான்.

பின்சீட்டில் அப்பா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. "தொறந்து ஊத்தும்மா... நேரமாச்சு" என்றார்.

"முடியாதுப்பா" என்றார் அக்கா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். என் பக்கம் திரும்பினார். "வீல்சேரை எடுங்க. இங்கருந்து தள்ளிட்டே போயிடலாம், கிட்டதான். ஆம்புலன்ஸ் வேணுமான்னு நர்ஸைக் கேட்டுட்டே நடங்க. நான் வர முடியாது. நான் நகர்ந்தா இவங்கள்ல ஒருத்தர் அந்த மூடியைத் தொறந்துடுவாங்க."

அந்தப் பையன்கள் இருவரும் அப்பாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வீல்சேரில் வைத்தார்கள். ஒருவன் முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்க, இன்னொருவனும் நானும் தள்ளினோம். நடைபாதை உயர்ந்த இடங்களில் வீல்சேரையே தூக்கினோம். போனில் நர்ஸ், "கதவுல நிக்கிறேன், வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சந்து முனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். திறந்த பானெட்டுக்கு முன்னால் அக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வாசலிலேயே அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உதட்டில் பழைய நிறம் வந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் நர்ஸ். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மதியம் அக்கா வந்தார். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கனத்த துணியை மூடிமேல் போட்டு மெல்லத் திறந்து, குறைந்ததை ஊற்றி, மெக்கானிக் ஒருவரையும் வரவழைத்துக் காட்டிவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு பை. சாமிக்குப் போட்ட மாலையைக் குப்பையில் போடக் கூடாது என்று சுருட்டி அதற்குள் வைத்திருந்தார்.

அப்பா அந்தப் பையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இலையை வச்சது நான்தானேம்மா. காத்துப் போற வழியையே அடைச்சுட்டேன்."

"கட்டினது நீங்க. ஓட்டினது நான்" என்றார் அக்கா. "நேத்தே தெரியும்ப்பா. இலை அடைக்குதுன்னு பார்த்தவுடனே தெரியும். காலையில அவுக்கணும்னுதான் குனிஞ்சேன். நீங்க அந்த முட்டியை வச்சுக்கிட்டு உட்கார்ந்து கட்டினது கண்ணு முன்னால வந்துச்சு. கை வரலை."

அப்பா மெஷினில் மாட்டாத கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "அடுத்த வருஷம் இலை வேணாம். மேல சின்னதா ஒரு சரம் மட்டும் கட்டிடறேன்" என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா இல்லை.

அன்று கார்ப்பார்க்கில் எல்லா வண்டிகளும் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றன. அக்காவின் வண்டிக்குச் சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது. பூ வாங்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, "நான் தேக்காவுக்குத்தான் போறேன். ஒரு சரம் வாங்கிட்டு வந்து கட்டவா அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா டார்ச்சை அணைத்தார். "வேணாம்ப்பா. வேற யார் கட்டினாலும் நான் அவுத்துடுவேன்."

நான் அங்கேயே நின்று அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. அக்கா பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்றார்.