சின்ன மாத்திரை மூன்று

என் அக்காள் கணவர் ஏழுமலை மாமாவுக்குக் கிடைக்கவிருந்த நிரந்தர வேலையைக் கெடுத்தது கம்பெனி அல்ல. நான்தான்.

பத்தாவதோடு பள்ளியை விட்டு, லாரி கிளீனர், பெயின்டர் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் நாற்பது நாள் வேலை பார்த்தேன். (அதில் முப்பது நாள் அட்டைப்பெட்டி பிரித்தேன்.) அதன்பின் தாம்பரத்தில் அக்கா வீட்டுக்கு டாக்டர் நான்தான்.

படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலையில் மாமா ஒப்பந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். நிரந்தரமாக்குவதற்கு மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். மாமாவுக்கோ சர்க்கரை வியாதி.

"மச்சான், சுகர் ஏறிக் கீதுன்னு தெரிஞ்சா கழட்டி வுட்ருவானுங்கடா," என்றார்.

"நான் இருக்கேன் மாமா."

அவரிடம் இரண்டு வகை மாத்திரை இருந்தது. ஒன்று பெரியது, விழுங்கவே சிரமம். இன்னொன்று சின்னது. வலி மாத்திரை ஒன்றுக்குக் கேட்காவிட்டால் இரண்டு போடுகிறோம் அல்லவா, அதே கணக்கு. சின்னதுதானே என்று காலையில் மூன்று கொடுத்தேன். பட்டினியோடு பஸ் ஏறினோம்.

பரிசோதனை அறை வரிசையில் நிற்கும்போது, அந்த ஏசியிலும் மாமாவுக்கு வியர்வை கொட்டியது. கை நடுங்கியது. "டென்ஷன் ஆவாத மாமா," என்றேன். பெயர் கேட்க வந்த அதிகாரியின் கையை மாமா பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நேரமா கேட்டுகினு கீறேன், சோறு போடுடி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவர் சரிந்து விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது.

விரலில் குத்திப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு. (சர்க்கரை குறைந்திருந்தது. அந்த அளவில் என் திட்டம் வெற்றி.)

குளுக்கோஸ் ஏற்றிவிட்டு டாக்டர் என்னிடம் வந்தார். "எத்தனை குடுத்தீங்க?"

"மூணு சார். சின்னதுதான்."

"பெருசு, ஈரல்லேர்ந்து சர்க்கரை வர்றதைக் குறைக்கும். அதைக் குடுத்திருந்தா வயித்தால போயிருக்கும். சின்னது கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளிய தள்ளும். வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு பார்க்காது. மூளைக்கே சர்க்கரை இல்லாமப் பண்ணிடும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இவர் இல்ல."

வலிப்பு வந்தவரிடம் வண்டியைத் தர முடியாது என்று ஒப்பந்த வேலையும் போனது. இப்போது மாமா நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. அக்கா என்னோடு பேச ஒரு வருடம் ஆனது. மாமா ஒரு நாளும் திட்டியதில்லை.

ஆனால் இன்றும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "டாக்டர் வந்துட்டாரு," என்பார். அக்கா பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொன்று தருவார்.

நானும் கையை நீட்டுவேன். இதுவரை தந்ததில்லை.