நகருங்கோ, நான் பாக்கறேன்

இன்றைக்கு உங்களுக்கு ஒரு ரகத்து மனுஷர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இவர்களுக்கு ‘நகருங்கோ’க்காரர்கள் என்று பெயர். நான் வைத்த பெயர்தான். எங்கள் டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் இவர்கள் வீதிக்கு ஒருத்தர் உண்டு. சரோஜினி நகரில் மாடிக்கு ஒருத்தர். எந்த வீட்டில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே, சுண்டல் வாசனை பிடித்து வருகிற மாதிரி வாசலில் வந்து நிற்பார்கள். சாமானுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்காரனே ஆனாலும் சரி, அவன் தோளில் இரண்டு விரலை வைத்து, "கொஞ்சம் நகருங்கோ, நான் பாக்கறேன்" என்பார்கள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அந்தச் சாமான் உங்களுடையது இல்லை.

முன்னே இவர்கள் ரேடியோவைப் பிரித்தார்கள். அப்புறம் மிக்ஸி. அப்புறம் ஸ்கூட்டரை நடுவீதியில் சாய்த்து வைத்துக்கொண்டு வாயால் ஊதினார்கள். ஆனால் அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகளோடு பேசுவதற்காக வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தோமே, அப்போதுதான் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. மிக்ஸி கெட்டால் ஓடாது, சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டர் அப்படியா? நன்றாக இருக்கும்போதே கண்ணை மூடும், யாரும் தொடாமலே மறுபடி எழுந்து உட்காரும், ஏன் தூங்கினாய் என்று கேட்டால் அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்படி ஒரு சாமான் கிடைத்தால் விடுவார்களா?

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர்கள் ஸ்க்ரூ டிரைவர். வந்ததும் முதல் கேள்வி, "கடைசியா இதை யார் தொட்டா?" போலீஸ்காரன் கேட்கிற மாதிரி கேட்பார்கள், குற்றமே செய்யாத நான்கூடக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். பெட்டியைத் திறந்ததும் இரண்டாவது கேள்வி, "இதை எந்த மடையன் இப்படி மாட்டினான்?" மாட்டினது போன மாசம் இவரேதான். சொல்லலாமா? சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கும் ஒரு மணி நேரம் காரணம் சொல்வார். மூடும்போது கட்டாயம் சில திருகாணிகள் மிஞ்சும். "இது எக்ஸ்ட்ரா, தேவையில்லை" என்று அவற்றை உங்கள் காப்பி டபராவில் போட்டுவிட்டுப் போவார்கள். பண்ணினவன் பைத்தியமா, தேவையில்லாமல் வைப்பதற்கு?

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் சுந்தரேஷ். ஏதோ ஒரு மந்திரி ஆபீஸில் உத்தியோகம், சாயங்காலக் கோர்ஸில் கம்ப்யூட்டர் படித்தவர், தங்கமான மனுஷர். அவர் பெண்டாட்டி சுஷ்மா சரோஜினி நகர் மார்க்கெட்டில் கையில் இரண்டு பையோடு நின்றுகொண்டு எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணுவாள். இவர் எங்கள் வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வந்துண்டே இருக்கேன்னு சொல்லுங்கோ மாமி" என்பார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தேன். கட்டிலுக்கடியில் வேட்டியை விரித்து, அதன்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

முதல் தடவை எங்கள் கம்ப்யூட்டர் அணைந்தபோது சுந்தரேஷ் வந்தார், பார்த்தார், "சூடு" என்றார். டெல்லி வெயிலுக்கு நாமே தாங்கவில்லை, அது எப்படித் தாங்கும் என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உடனே மேஜையை இழுத்து ஜன்னல் கூலரோடு ஒட்டிப் போடச் சொன்னார். எங்கள் கூலர் பழைய தகரக் கூலர். ஹையில் வைத்தால் கூட்ஸ் வண்டி போகிற சத்தம். மேஜைமேல் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். "இருக்கட்டும் மாமி. கம்ப்யூட்டர் ஓடறபோதெல்லாம் இது ஹைலேயே ஓடணும்" என்று கட்டளை. அன்றிலிருந்து எங்களுக்குக் காற்று வந்ததோ இல்லையோ, கம்ப்யூட்டருக்கு வந்தது.

அது முன்னைவிட அதிகமாக அணைந்தது.

இரண்டாவது தடவை, வைரஸ். மூன்றாவது தடவை, ராம் என்று ஏதோ ஒரு பலகையை உள்ளேயிருந்து பிடுங்கி, அதன் மஞ்சள் பல்லையெல்லாம் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தார். அப்புறம் சாஃப்ட்வேர் கரப்ட். ஒரு நாள் திரை முழுக்க நீலமாக வந்து எழுத்தாகக் கொட்டிற்று. "பாருங்கோ மாமி, என்ன எழுதியிருக்குன்னு!" என்றார். "எனக்குத் தமிழே படிக்க வராது. இங்கிலீஷைக் காட்டறியேடாப்பா" என்றேன். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, "பஸ், ஹோ கயா" என்பார், அவ்வளவுதான், ஆயிற்று என்று. அவர் படி இறங்கும் வரைக்கும் அது ஓடும். அப்புறம் அணையும். போன் பண்ணினால் என்ன சொல்வார்? "அச்சா, இது வேற ப்ராப்ளம்." இந்த ரகத்தின் வேத வாக்கியம் இது. பழைய ப்ராப்ளம் தீர்ந்துவிட்டது. இது வேற.

இப்படியே போயிருந்தால் எனக்கொன்றும் இல்லை. ஆனால் நியூ ஜெர்சியில் என் பேத்தி ஷ்வேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் மாட்டுப்பெண் ராஜி பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். இங்கே நானும் என் பிள்ளை ராஜகோபாலும் மட்டும். குழந்தைக்குக் காதில் மூன்று தடவை பெயர் சொல்லுவோம் இல்லையா? மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனது பண்ணி, "கொள்ளுப்பாட்டிதான் பெரியவா, அவாளே கம்ப்யூட்டர் வழியா முதல்லே சொல்லட்டும்" என்றார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாத்தியார் வேறொரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டியவர், காத்திருக்க மாட்டார். நான் சொல்லாவிட்டால் சம்பந்தி மாமி சொல்லிவிடுவாளாம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே தயாராக நிற்கிறாளாம். நிற்க மாட்டாளா பின்னே?

"போன்லயே சொல்லிடுங்கோளேன் அம்மா" என்றாள் ராஜி, அங்கேயிருந்து.

"மூஞ்சியைப் பாக்காம பேர் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

இதில் எனக்கு இன்னொரு கவலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ராகு காலம்.

"அம்மா, அங்க காலம்பற. வாத்தியார் அந்த ஊர் பஞ்சாங்கம் பாத்துத்தான் சொல்லியிருக்கார். அங்க ராகு காலமே இல்ல" என்றான் ராஜகோபால்.

"குழந்தையோட காது அங்க இருக்கு. என்னோட வாய் இங்கன்னா இருக்கு?"

கவர்ன்மெண்டில் இத்தனை வருஷம் ஃபைல் பார்த்தவன், இதற்கு ஒரு வழி சொல்லத் தெரியவில்லை.

மூத்தவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஐந்தரைக்கே கம்ப்யூட்டரைப் போட்டார்கள். சுந்தரேஷ் மத்தியானத்திலிருந்தே ஆஜர். என் பிள்ளை தோளில் இரண்டு விரல், பிள்ளை நகர்ந்தான். கூலர் ஹையில். மேஜை கிடுகிடுவென்று ஆட, டெலிஃபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு அமெரிக்காவைத் தேடிற்று. கிடைத்தது. திரையில் ஒரு நெற்றி தெரிந்தது. யாருடைய நெற்றி என்று நான் குனிந்து பார்ப்பதற்குள், டப்! இருட்டு.

உடனே டெலிஃபோன் மணி. ராஜி. "அம்மா, உங்க மூக்குத்தி வரைக்கும் வந்துது, போயிடுத்து!"

"மாமி, போனை வைங்கோ, ஜல்தி! போனை வெச்சாத்தான் லைன் கிடைக்கும்!" என்று சுந்தரேஷ் கத்தினார். வைத்தேன்.

மறுபடி கீச் கீச். மறுபடி நெற்றி. இந்தத் தடவை ஒரு கண்ணும் வந்தது. அது ஷ்வேதாவின் புருஷன் அனிருத்தின் கண். டப்!

மறுபடி மணி. "அம்மா, வாத்தியார் செருப்பைப் போட்டுண்டாச்சு. சம்பந்தி மாமி குழந்தையைக் கையில வாங்கிண்டுட்டா."

"செருப்பைக் கழட்டச் சொல்லு!" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சுந்தரேஷ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேர்வை சொட்டுகிறது, சட்டைக் காலரெல்லாம் நனைந்துவிட்டது, ஆனால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. இந்த ரகத்தின் வாயில் அது வரவே வராது. "ஸார், ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றார். அப்படியென்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் துடைத்து வழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதாம். பொண்ணுக்குப் பெயர் வைக்கிற நேரத்தில் வீட்டை இடித்துக் கட்டலாமா என்று கேட்கிற மாதிரி இல்லையா இது?

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். அவர் நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப ரெஜிஸ்ட்ரியை மட்டும் க்ளீன் பண்றேன் மாமி" என்று என்னத்தையோ தட்டினார். மறுபடி கீச் கீச்.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. அப்போதுதான் கரண்ட் போயிற்று.

ஜூன் மாசத்து டெல்லியில் அது போகாவிட்டால்தான் அதிசயம். ஃபேன் நின்றது. கூட்ஸ் வண்டி மாதிரி ஓடின கூலர் பெருமூச்சு விட்டு அடங்கிற்று. டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று ராஜகோபால் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்க யூ.பி.எஸ். என்று ஒரு டப்பா கம்ப்யூட்டருக்கு மட்டும் உண்டு. அது கீக், கீக் என்று அழ ஆரம்பித்தது. திரை அணையவில்லை. சதுரம் சதுரமாக ஒரு முகம் வந்தது. முதலில் நெற்றி. அப்புறம் இரண்டு கண், மூடி இருந்தது. மூக்கு. எங்கள் வீட்டு மூக்கு; அதில் சந்தேகமே இல்லை.

"பாட்டி, சொல்லு, சொல்லு!" என்று ஷ்வேதா குழந்தையின் காதை அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் வைத்தாள். நான் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, என் மாமியாரின் பெயரை, "அம்புஜம், அம்புஜம், அம்புஜம்" என்றேன். என் குரல் கடலைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. அப்புறம் காதில் விழுந்தது போலிருக்கிறது, கையைத் தூக்கி ஸ்பீக்கரை ஒரு அடி அடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மாமியும் சிரித்தாள், கொஞ்சம் குறைச்சலாக. கூப்பிடுவதற்கு அவர்கள் இரண்டெழுத்தில் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். காதில் முதலில் விழுந்தது அம்புஜம்.

நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், பக்கத்தில் சுந்தரேஷும் துடைத்துக்கொள்கிறார். "ரெஜிஸ்ட்ரிதான் மாமி. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கூலர் உறுமிற்று. மேஜை ஆடிற்று. டப்! குழந்தை போயிற்று.

"பாத்தேளா? கரண்ட் வந்த உடனே போயிடுத்து. உங்காத்துக் கரண்டே சரியில்ல ஸார். என் வேலை பக்காவா இருக்கு" என்றார் சுந்தரேஷ். பெயர் வைத்ததற்காகப் பண்ணியிருந்த பாயசத்தை இரண்டு டம்ளர் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவதும் கொடுத்தேன். மனுஷர் உழைத்திருக்கிறார்.

குளிர் வந்து, கூலரைக் கழற்றி மொட்டை மாடியில் போட்ட அன்றைக்குத்தான் ராஜகோபால் மேஜைக்குப் பின்னால் பெருக்கினான். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் கரண்ட் கேபிள் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம். கூலர் ஆடினால் மேஜை ஆடுமாம், மேஜை ஆடினால் கேபிள் விலகுமாம், கேபிள் விலகினால் பெட்டி அணையுமாம். கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினான். அதிலிருந்து அது அணையவே இல்லை.

சுந்தரேஷைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி குனிந்து, "கேபிள் லூஸா இருந்திருக்கலாம் ஸார். நான் இல்லேங்கல. ஆனா அது வேற ப்ராப்ளம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இரண்டு பேருமே புரியாமல் பேசுகிறார்கள். கேபிள் லூஸ் என்றால் அன்றைக்கு ஐந்தரைக்கும் லூஸ், ஆறு மணிக்கும் லூஸ்தானே? பின்னே ஆறு அடித்த பிற்பாடு மட்டும் எப்படிக் குழந்தை முகம் வந்தது? ராகு காலம் முடிந்தது, வந்தது. "கூலர் நின்னுதும்மா, அதனாலதான்" என்கிறான் என் பிள்ளை. கரண்ட் ஏன் சரியாக அந்த நேரத்துக்குப் போயிற்று என்று கேட்டேன். பதில் இருந்தால் நீங்களும் சொல்லலாம். காப்பி ஆறும் வரைக்கும் மூன்று பேரும் பேசினோம். யாரும் யாருக்கும் மசியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சுந்தரேஷைப் பார்த்தும் சிரியுங்கள், என்னைப் பார்த்தும் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், நிஜத்தைச் சொல்ல வேண்டும். மேஜைமேல் டம்ளர் நகர்கிறது என்று நான் சொன்ன இடத்திலேயே, "ஆ, கூலர்தான் காரணம்! இந்தப் பாட்டிக்கு இது தெரியலையே, நான் இருந்திருந்தா ஒரே நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேன்" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா?

கேட்டதா? அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரை எங்கேயாவது எடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.