தேறலையாரின் விளைச்சல் படிவம்

ஊருக்கு ஒருவராவது இருப்பார். அறுவடை நல்லபடி முடிந்து, கிடங்கில் இடம் போதாமல் பாதி மூட்டைகளைப் படுக்கையறைக்குள் அடுக்கிவிட்டு, வாசலுக்கு வந்து தோளைத் தொங்கப் போட்டபடி, "என்னத்தச் சொல்ல, இந்த வருஷமும் ஒண்ணும் தேறலை" என்பாரே, அவரேதான். நம்மவருக்கு அந்த வாக்கியமே பட்டப்பெயராகிவிட்டது. தேறலையார் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

காரணமில்லாமல் அழ அவர் என்ன பச்சைப் பிள்ளையா? விளைந்தது என்று தெரிந்தால் நிலத்துக்காரர் குத்தகையைக் கூட்டுவார், பக்கத்து ஊர் மச்சான் மக்காச்சோளம் கேட்டுச் சாக்கோடு வந்து நிற்பார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவர் கட்சி. மழை பெய்தால் "வேரு அழுகிடும்." பெய்யாவிட்டால் "கருகிடும்." அளவாகப் பெய்தால்? "இப்படிப் பெஞ்சா பூச்சி வருமே!" புது டிராக்டர் வாங்கியபோதுகூட, "பழசுதான், பெயிண்ட் அடிச்சது" என்றார்.

வேளாண்மை அலுவலகம் வருஷாவருஷம் ஒரு விளைச்சல் படிவம் தரும். மற்றவர்கள் ஏக்கருக்கு முப்பது மூட்டை என்று எழுதும்போது, தேறலையார் பேனாவைக் கடித்து யோசித்து, இரண்டு என்று எழுதுவார். மனசு கேட்காமல் அதையும் அடித்து ஒன்று என்று திருத்துவார்.

"ஏங்க, முப்பத்தஞ்சு வந்துச்சே?" என்பார் மனைவி.

"மெதுவாப் பேசு. சுவத்துக்கும் காது இருக்கு."

இந்த வருஷம், கதிர் முற்றிய நேரத்தில், ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை அடித்தது. கால் மணி நேரம்தான். வயலில் ஒரு தட்டைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. தேறலையார் வரப்பில் நின்று அழ வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இருந்த அழுகையையெல்லாம் நல்ல வருஷங்களிலேயே செலவழித்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஒண்ணும் தேறலை."

"அது எப்பவும் உள்ளதுதானே மாப்ள. சாக்கு எப்பக் கொண்டுவரட்டும்?"

நல்லவேளை, அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. சேர்த்ததெல்லாம் டிராக்டராக நின்றுகொண்டிருந்ததால், நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்புக்கு விதை. முகத்தைத் தேவையான அளவுக்கு வாட வைத்துக்கொண்டு அலுவலக வரிசையில் போய் நின்றார்.

அலுவலர் அம்மா கணினியைப் பார்த்தார். "ஐயா, அஞ்சு வருஷச் சராசரியிலேருந்து எவ்வளவு கொறஞ்சிருக்கோ, அதுக்குத்தான் நிவாரணம். உங்க சராசரி ஏக்கருக்கு ஒரு மூட்டை. இப்ப எவ்வளவு கெடைச்சுது?"

"சேத்துல பொறுக்கினது ஏக்கருக்கு ஒண்ணரை மூட்டைம்மா. அவ்வளவுதான்."

"அப்ப விளைச்சல் கூடியிருக்கே! பாதிப் பங்கு கூடியிருக்கு."

"அம்மா, அந்தப் படிவமெல்லாம் சும்மா எழுதினதும்மா."

"கையெழுத்து உங்களுதுதானே?"

தேறலையாருக்கு விதை, வயல், மனைவியின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, கூடமே கேட்கும்படி கத்தினார்: "அது தங்கமான நிலம்மா! ஒரு வருஷம் தப்பாம முப்பத்தஞ்சு மூட்டைக்குக் கொறைஞ்சதே இல்லை!"

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தன் சொந்த வயலுக்கு மனுக் கொடுக்க வந்திருந்த நிலத்துக்காரர்.

"அப்படியாப்பா?" என்றார் அவர், ரொம்ப அன்பாக. "சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா. குத்தகையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இன்று காலை ஒருவர் உங்களிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டபோது, வயிறும் பையும் நிறைந்திருந்தும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு "ஏதோ ஓடுது" என்றீர்களே, அவர் அதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். வெளியே வேறு மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது.