கொக்கும் வெளுப்பு மருந்தும்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. என்ன நிறத்தில் ஓடியது என்று கேட்காதீர்கள். அது பெருச்சாளிக்கு அன்றைக்கு வந்த ஆர்டரைப் பொறுத்தது.

மேட்டில் பெருச்சாளி சாயப்பட்டறை வைத்திருந்தது. அங்கே சாயம் செய்யும் வேலை பச்சோந்தியுடையது. மூலப்பொருளை அமிலத்தில் கரைக்கும். பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்து நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விடும். கடைசியில் இன்னொரு கரைசலை ஊற்றும். தொட்டி முழுக்கச் சட்டென்று சிவப்பு பூக்கும். அதை வடிகட்டி, உலர்த்தி, அரைத்து, உப்புக் கலந்து மூட்டை கட்டினால் சாயப்பொடி. மூட்டைக்குள் போனது பெருச்சாளிக்கு லாபம். மிச்சம் ஓடைக்கு.

பள்ளத்தில் ஒரு குகையில் அருக்காணி என்ற நீர்நாய் தன் குட்டிகளோடு குடியிருந்தது. ஓடையில் மீன் இருந்தால்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு. மீனோ குறைந்துகொண்டே வந்தது. அருக்காணி புகார் கொடுக்கப் போனது. வரிசையில் அதற்கு முன்னால் ஆமை நின்றதால் கொஞ்சம் தாமதமானது. ஆனாலும் ஒரு வழியாகத் தண்ணீர்த் துறை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது.

ஆய்வாளர் ஒரு கொக்கு. சேற்றிலேயே பணிக்காலத்தைக் கழித்துப் பழுப்பேறிப்போன கொக்கு. அந்தத் துறையில் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. ஆய்வாளர் தன் இறகு ஒன்றைப் பிடுங்கித் தண்ணீரில் முக்குவார். இறகில் சாயம் ஏறினால் பட்டறைக்குப் பூட்டு. ஏறாவிட்டால் பாராட்டு. குடித்தவர் பிழைத்தாரா என்பதெல்லாம் வேறு துறை.

பெருச்சாளி உடனே பச்சோந்தியைக் கூப்பிட்டது.

"ஏப்பா பச்சோந்தி, நாளைக்கு ஓடை வெள்ளையா இருக்கோணும். என்ன பண்ணலாம்?"

"சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமுங்க."

"வெள்ளையா இருக்கோணும்னுதான சொன்னேன்? சுத்தமா இருக்கோணும்னா சொன்னேன்?"

பச்சோந்தி உடனே கொள்கையை மாற்றிக்கொண்டது. கழிவுத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டியது. சிவப்பு போய்விட்டது, ஆனால் ஒரு அழுக்கு மஞ்சள் மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. அப்புறம் வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டும் வெளுப்பு மருந்தை எடுத்தது. பொடியாகப் போட்டால் கட்டி தட்டிவிடும் என்பதால், பரவச் செய்யும் கரைசல் ஒன்றைச் சேர்த்து மோர்போல அடித்தது.

"இது அந்த அழுக்க எடுத்துருமா?"

"எடுக்காதுங்க. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கதிர் ஒண்ணு இருக்குதுங்க. அத இது முழுங்கிட்டு நீல வெளிச்சமாத் துப்பும். மஞ்சளோட அந்த நீலம் சேர்ந்தா, பார்க்கற கண்ணு வெள்ளைன்னு நம்பிரும்."

"அட, மருந்து தண்ணிக்கில்ல, கண்ணுக்கா! ஊத்து ஊத்து."

மறுநாள் நல்ல வெயில். கொக்கு வந்தது, இறகைப் பிடுங்கியது, முக்கியது. வெளியே எடுத்தால் இறகு ஜொலித்தது. கொக்கு இறகைப் பார்த்தது. தன் சிறகைப் பார்த்தது. மறுபடி இறகைப் பார்த்தது.

"இதில குளிக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டது.

"உங்க ஓடைங்க!" என்றது பெருச்சாளி.

குளித்துவிட்டுக் கரையேறிய கொக்கைப் பார்க்கக் கண் கூசியது. "தண்ணீரைவிடத் தூய்மையான தண்ணீர்" என்று அங்கேயே சான்றிதழ் எழுதியது.

அருக்காணி குட்டிகளோடு ஓடையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியது. "சார், மீனெல்லாம் மல்லாந்து மெதக்குது சார்!"

"எவ்வளவு வெள்ளையா மெதக்குது பாரு."

"எங்குட்டிகளுக்குச் சோறு?"

"அது வேற துறைம்மா."

ஆனால் அருக்காணி ஒன்றைக் கவனித்திருந்தது. கரையில் பளபளத்த செத்த மீன், குகைக்குள் கொண்டுபோனதும் மஞ்சளடித்தது. "வெயில்ல எல்லாம் வெள்ளைதான் சார். தைரியமிருந்தா அந்த இறக எடுத்துக்கிட்டு எங்குகை நிழலுக்கு வாங்க!"

காடே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. வேறு வழியில்லாமல் கொக்கு குகைக்குள் நுழைந்தது. பின்னாலேயே கூட்டமும் நுழைந்தது. உள்ளே மின்மினிப் பூச்சிகளின் வெளிச்சம் மட்டும்தான். அதில் பார்த்தால் இறகு, துவைக்காத தலையணை உறை மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தது அருக்காணி.

அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் ஒரு குரங்கு, "இறகை விடுங்கப்பா, ஆளைப் பாருங்க!" என்றது.

எல்லோரும் ஆளைப் பார்த்தார்கள். குகையே சிரித்தது. கொக்கு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டது. பழைய பழுப்பு, போதாததற்கு இன்று கூடுதலாகக் கொஞ்சம் மஞ்சள்.

பெருச்சாளி பணிவாக முன்னால் வந்தது. "ஐயா, வெளிய எவ்வளவு வெள்ளையா இருந்தீங்க! உள்ள வந்ததும் இப்படி ஆயிட்டீங்களே. கோளாறு தண்ணியிலயா, குகையிலயா? நீங்களே சொல்லுங்க."

கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசித்தது. யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

"நிறத்தைக் கெடுப்பது குகைதான். பூட்டுங்கள்."

"சார், குகையில வெயில் இல்ல! அதனாலதான் உண்மை நிறம் தெரியுது!"

"குற்றப்பத்திரிகையில் அதைத்தானம்மா எழுதியிருக்கிறேன்."

அருக்காணி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே கொண்டுவந்தது. குகை வாசலில் பூட்டு விழுந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடையில் நனைந்திருந்த குட்டிகள், பசியில் வயிறு ஒட்டிப்போய், பளபளவென்று மின்னின.

நீதி: வீடு கட்டினால் கூரை போடாதே. நிழலில் அதிகாரிகளுக்கு நிறம் மாறும். பழி வீட்டுக்காரிமேல் விழும்.